டூர் கம்பெனி இல்லாமல் ஸ்காட்லாந்துக்குப் போகிறீர்களா? லாஸ்பேட்டையில் ஒரு அக்கா இருக்கிறார்

ஐயாயிரம் ரூபாய் கொடுத்து யோசனை கேட்பதா என்று என் கணவர் முதலில் தயங்கினார். ஊர் திரும்பிய பிறகு, எங்கள் ஸ்காட்லாந்துப் பயணத்தில் செலவழித்ததிலேயே உருப்படியான பணம் அதுதான் என்று அவரே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு வீட்டு முதல் மாடி. பெயர்ப் பலகை கிடையாது. அங்கே இருக்கும் அக்கா ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகரத்துப் பக்கம் பல வருஷம் செவிலியராக வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்கே வந்துவிட்டவர். டிக்கெட் போட்டுத் தர மாட்டார், ஓட்டலோடு கமிஷன் பேச மாட்டார், விசாப் பக்கமே வர மாட்டார். ஸ்காட்லாந்தை டூர் கம்பெனி இல்லாமல் தாங்களே சுற்றிப் பார்க்க நினைக்கிறவர்களோடு உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொடுப்பது மட்டும்தான் அவர் வேலை. ஒரு குடும்பத்துக்கு இரண்டு முறை நேரில், அப்புறம் அங்கே இருக்கும்போது போனில். தெரிந்தவர்கள் சொல்லித்தான் ஆட்கள் வருகிறார்கள். பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன். கணவர் பொதுப்பணித் துறைப் பொறியாளர். மாமியார் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், இரண்டு முழங்காலும் வலி. இந்த மூவருக்கும் சேர்த்துத் திட்டம் வேண்டும் என்று முதலில் ஒரு டூர் கம்பெனியில் கேட்டோம். ஏழு நாளில் லண்டன், எடின்பரோ, லாக் நெஸ் ஏரி, ஸ்கை தீவு, கிளாஸ்கோ என்று அச்சடித்த தாளைக் கொடுத்தார்கள். தினமும் காலையில் பெட்டியைக் கட்டி வண்டியில் ஏற்ற வேண்டும். அத்தை அந்தத் தாளைப் படித்துவிட்டு, "நான் வீட்டுலயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்றார்.

அக்கா அந்தத் தாளை வாங்கிப் பார்த்ததும் ஒன்றும் சொல்லவில்லை. மேஜை நிறைகிற மாதிரி ஸ்காட்லாந்து வரைபடம் ஒன்றை விரித்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து பிளாஸ்டர் ஒட்டிய படம். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் பென்சிலால் எண்கள் எழுதியிருந்தன. கிலோமீட்டர் என்று நினைத்தேன். இல்லை, எல்லாம் மணிக்கணக்கு. எடின்பரோவிலிருந்து ஸ்கை தீவின் போர்ட்ரீக்கு நிற்காமல் ஓட்டினாலே ஐந்து மணி நேரத்துக்கு மேல். "நம்ம ஈ.சி.ஆர்.ல சென்னைக்குப் போற கணக்க அங்க போடாதீங்கம்மா. வழியில மழை வரும், ஆடு நிக்கும், ஒத்தையடி ரோடு வரும். அதோட ஒவ்வொரு திருப்பத்துலயும் நீங்களே எறங்கிப் பாக்கணும்னு சொல்லுவீங்க" என்றார். அப்புறம் ரப்பரை எடுத்தார்.

என்னைக் கேட்டால், அவருக்குக் கொடுக்கும் பணம் அந்த ரப்பருக்குத்தான். எதைப் பார்க்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எதை விடலாம் என்று நம் முகத்தைப் பார்த்துச் சொல்ல, அங்கே வாழ்ந்த ஒருவரால்தான் முடியும். லண்டன் போயிற்று. வடக்குக் கடற்கரையைச் சுற்றும் நார்த் கோஸ்ட் 500 சாலை கணவரின் ஆசை. 516 மைல், அதாவது 830 கிலோமீட்டர். "அது தனியா ஒரு பயணம் தம்பி, அம்மாவ வெச்சுக்கிட்டு வேண்டாம்" என்று அதையும் எடுத்துவிட்டார். மிஞ்சியது எடின்பரோ, கிளாஸ்கோ வழியாக ரயிலில் மேற்குக் கடற்கரை, ஸ்கை தீவில் நான்கு இரவு, இன்வர்னஸ் வழியாகத் திரும்புவது. அவ்வளவுதான். அத்தை அப்போதுதான் வாயைத் திறந்து, "இது போகலாம்" என்றார்.

எப்போது போவது என்பதிலும் அவர் பிடிவாதக்காரர். நாங்கள் ஆகஸ்ட் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஆகஸ்டில் எடின்பரோ திருவிழாக் கூட்டம், அறை வாடகை கண்டபடி ஏறும். மேற்குப் பக்கம் போனால் மிட்ஜ் என்ற கடிபூச்சி. நம் கொசுவைவிடப் பொடிசு, கூட்டமாக வந்து அப்பிக்கொள்ளும். காற்று இல்லாத, ஈரமான, மப்பான வேளையும் அந்தி நேரமும் அதற்குக் கொண்டாட்டம். கொஞ்சம் காற்று வீசினால் பறக்க முடியாமல் அடங்கிவிடும். மே கடைசி முதல் செப்டம்பர் வரை அதன் காலம். மே மாதத் தொடக்கம் என்றால் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை, மேற்கில் மழை குறைவாக இருக்கும் மாதமும் அதுதான், இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். நமக்கோ கத்திரி தொடங்கும் நேரம். போன வருஷம் மே மாதம் போனோம். ஒரு கடியும் படவில்லை. மழையில் நனைந்தோம்தான், ஆனால் ஒரு முழு நாள் மழை என்று எதுவும் இல்லை.

ரயில் பயணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உள்ளூர்க்காரர் யோசனை என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அங்கேதான். மேற்கே ஃபோர்ட் வில்லியம் ஊரிலிருந்து கடலோர மாலேக் வரை நீராவி ரயில் ஒன்று ஓடுகிறது. எல்லோருக்கும் அதில்தான் ஏற வேண்டும். டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், விலையும் அதிகம். அக்கா, அதே தண்டவாளத்தில், அதே க்ளென்ஃபின்னன் பாலத்தின் மேல், அதே கடலைப் பார்த்துக்கொண்டு ஸ்காட்லாந்து ரயில் நிறுவனமான ஸ்காட்ரெயிலின் சாதாரண ரயிலும் போகிறது, கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட் நிலையத்திலேயே ஏறி மாலேக் வரை அப்படியே உட்கார்ந்து போகலாம் என்றார். ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஒரு எச்சரிக்கையும் தாளில் அடிக்கோடிட்டு எழுதிக் கொடுத்தார்: இந்தப் பாதையில் பல ரயில்கள் க்ரியன்லாரிச் என்ற நிலையத்தில் இரண்டாகப் பிரியும், ஒரு பாதி ஓபன் என்ற ஊருக்குப் போய்விடும், ஏறும்போதே எந்தப் பெட்டி எங்கே போகிறது என்று பார்த்து ஏறு. எங்களுக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஒரு இளம் ஜோடி தப்பான பாதியில் இருப்பதைக் கணவர்தான் கண்டு சொன்னார். பைகளைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓடிப்போய் மாறினார்கள்.

அதற்கு அப்புறம் ரனாக் மூர். கண்ணுக்கு எட்டிய தூரம் சதுப்பும் பாறையும் நீர்க்குட்டையும்தான். அந்தச் சேற்றில் அடித்தளம் நிற்காததால் மரவேர், சுள்ளி, மண், சாம்பல் எல்லாவற்றையும் கொட்டி அதன் மேல் பாதையை மிதக்கவிட்டிருக்கிறார்கள். ஃபோர்ட் வில்லியம் வரை இந்தப் பாதை திறந்தது 1894இல். நடுவில் கொரூர் நிலையம், 408 மீட்டர் உயரத்தில், பொதுச் சாலையே இல்லாத இடத்தில். அங்கே இருவர் முதுகுப் பையோடு இறங்கி அந்த வெட்டவெளிக்குள் நடந்து போனார்கள். அத்தை அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபோர்ட் வில்லியம் தாண்டியதும் இடது பக்க ஜன்னலில் உட்காரச் சொல்லியிருந்தார் அக்கா. க்ளென்ஃபின்னன் பாலம் வளைந்து போவதால் இடப் பக்கம்தான் பாலமும் தெரியும், ஷீல் ஏரியும் தெரியும், 1745இல் பிரிட்டன் அரியணைக்காகக் கலகம் செய்த இளவரசர் சார்ல்ஸ் கொடி ஏற்றியதன் நினைவுத் தூணும் தெரியும். 21 வளைவுகள், ஏறத்தாழ 30 மீட்டர் உயரம், 1901இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை. கம்பி போடாத வெறும் கான்கிரீட் என்று அக்கா எழுதியிருந்ததைக் கணவர் நம்பாமல் தேடிப் பார்த்து உறுதி செய்துகொண்டார். பாலத்தைத் தாண்டும் அந்த நேரம் முழுக்க அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. இத்தனை வருஷம் பாலம் கட்டுகிற மனிதர்.

மாலேக்கில் படகு ஏறி ஆர்மடேலில் இறங்கினால் ஸ்கை. காரோடு போகிறவர்கள் படகில் முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும், நடந்து ஏறுகிறவர்களுக்கு அந்தச் சிக்கல் குறைவு. அதனால்தான் காரைத் தீவுக்குள் போய் எடுக்கச் சொன்னார். ஆர்மடேலிலிருந்து போர்ட்ரீக்கு நாளொன்றுக்குச் சில பஸ்கள்தான், நேரம் கோடைக்கும் குளிருக்கும் மாறும், கிளம்பும் வாரம் பஸ் நேரம் போடும் ட்ராவல்லைன் இணையதளத்தில் பார்த்துக்கொள் என்றார். நம் ஓட்டுநர் உரிமத்தை வைத்தே அங்கே 12 மாதம் வரை ஓட்டலாம். நம்மைப் போல இடப்பக்கம்தான் போக்குவரத்து.

ஆனால் ஸ்கையின் உள்சாலைகள் பல ஒரே வண்டி போகிற அகலம். அங்கங்கே ஒதுங்குவதற்கு இடம் விட்டுப் பலகை வைத்திருப்பார்கள். ஒதுங்கிடம் உங்களுக்கு இடப்பக்கம் இருந்தால் அதற்குள் போய் நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேராகச் சாலையிலேயே நின்று எதிரே வருகிற வண்டியை அதற்குள் போக விடுங்கள். பின்னால் அவசரமாக வருகிற உள்ளூர் வண்டிக்கும் ஒதுங்கி வழி விட வேண்டும், அவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். படம் எடுக்க ஒருபோதும் அங்கே நிறுத்தாதீர்கள். வழி விட்டவருக்குக் கையைத் தூக்கிக் காட்டுங்கள். இதையெல்லாம் அக்கா மேஜை மேல் இரண்டு தீப்பெட்டியை நகர்த்தி நகர்த்திக் கணவருக்குச் சொல்லிக் கொடுத்தார். கணவர் முதல் அரை மணி நேரம் வியர்த்துப் போனார், அப்புறம் பழகிவிட்டது.

அத்தையின் முழங்காலை அக்கா மறக்கவே இல்லை. ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர் பாறைக்கு ஏறுவது செங்குத்து, அவருக்கு ஆகாது. அதற்குப் பதிலாகக் குவிராங்கில் கார் நிறுத்துமிடத்திலிருந்தே பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். கில்ட் ராக்கில் வண்டியை விட்டு இறங்கிச் சில எட்டு வைத்தால் அருவி பாறை விளிம்பிலிருந்து நேரே கடலில் விழுவதைப் பார்க்கலாம். இரண்டு இடத்திலும் அத்தை யார் கையையும் பிடிக்காமல் நின்று பார்த்தார். திரும்பும்போது தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் கைல் ஆஃப் லோகால்ஷிலிருந்து இன்வர்னஸ் ரயிலிலும் இடது பக்கம்தான். வழியில் ப்ளாக்டன் ஊரில் பனையைப் போலத் தோன்றும் மரங்கள் கடலோரம் நிற்கின்றன. நியூசிலாந்திலிருந்து வந்தவையாம். கடல் நீரோட்டத்தின் வெதுவெதுப்பில் அங்கே பிழைக்கின்றன.

தங்குமிடம் விஷயத்தில் அவர் எங்களை ஒரு பெரிய தலைவலியிலிருந்து காப்பாற்றினார். ஸ்காட்லாந்தில் குறுகிய கால வாடகைக்கு விடும் வீடு, அறை எதுவானாலும் உரிமம் வேண்டும், விளம்பரத்தில் அந்த எண்ணைப் போட வேண்டும். போர்ட்ரீயில் நாங்கள் ஆசைப்பட்ட ஒரு வீட்டு விளம்பரத்தில் எண் இல்லை. "கேட்டுப் பாருங்க" என்றார். கேட்டோம், பதிலே வரவில்லை, வேறு இடம் பார்த்துக்கொண்டோம். இனிப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி: 2026 ஜூலை 24 முதல் எடின்பரோவில் தங்கும் வாடகையில் 5 சதவீதம் சுற்றுலா வரி உண்டு, தொடர்ந்து ஐந்து இரவு வரைக்கும் மட்டும். ரயிலில் நல்ல செய்தி, 2025 செப்டம்பரிலிருந்து ஸ்காட்ரெயிலில் நெரிசல் நேரக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள்.

விசா நாங்களே பார்த்துக்கொண்டோம். அத்தைக்கு விசா வேண்டியதில்லை. ஆனால் 2025 ஏப்ரல் 2 முதல் பிரெஞ்சுக்காரர்களுக்கும் இணையத்தில் ஈ.டி.ஏ. என்ற முன் அனுமதி வாங்க வேண்டும், அடையாள அட்டை செல்லாது, பாஸ்போர்ட் வேண்டும். புதுச்சேரியில் இப்படி ஒரே வீட்டில் இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட் உள்ள குடும்பங்கள் நிறைய, அதனால் சொல்கிறேன். அங்கே மூன்று வங்கிகள் தங்கள் பெயரில் பவுண்டு நோட்டு அடிக்கின்றன. மிச்சம் இருப்பதை ஸ்காட்லாந்திலேயே செலவழித்துவிட்டு வாருங்கள், இங்கிலாந்துக் கடைகளில் யோசிப்பார்கள்.

குறைகளும் உண்டு. எல்லாம் கையெழுத்துத் தாள், அதுவும் நெருக்கி எழுதுவார். போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பெரிதாக்கித்தான் படிக்க முடிகிறது. இரவு 9 மணிக்கு மேல் போன் எடுக்க மாட்டார், அங்கே அப்போது மாலை 4:30தான். சாப்பாட்டைப் பற்றி அவர் சொன்னது போதாது. ஊர்ப்புறத்தில் பல இடங்களில் ராத்திரி எட்டு, எட்டரைக்கெல்லாம் சமையலறையை மூடிவிடுகிறார்கள், வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்தால் பட்டினிதான். சைவம் சாப்பிடுகிறவர்கள் கையில் ஏதாவது வைத்திருப்பது நல்லது. பருப்பு சூப் மட்டும் பல இடங்களில் கிடைக்கிறது, மிளகுத்தூள் தூவிக்கொண்டால் மழைக்கு அருமையாக இருக்கிறது.

அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். ஸ்காட்லாந்தின் சுற்றுலா அமைப்பான விசிட்ஸ்காட்லாந்து தன் 25 தகவல் மையங்களையும் 2026 மார்ச்சுக்குள் படிப்படியாக மூடுவதாக 2024இலேயே அறிவித்துவிட்டது. பெரும்பாலோர் கிளம்புமுன் இணையத்திலேயே திட்டம் போட்டுவிடுகிறார்கள் என்பது அவர்கள் சொல்லும் காரணம். எனக்கு அதில் வருத்தம்தான். முகத்தைப் பார்த்து, முழங்காலைக் கேட்டு, "இது உனக்கு வேண்டாம்" என்று இணையம் சொல்லாது.

அக்காவைப் பார்ப்பது புதன், சனி மாலை மட்டும். வயதானவர்களைக் கூட்டிப் போவதாக இருந்தால் அவர்களையும் முதல் நாளே அழைத்துப் போங்கள், மாடிப்படியில் கைப்பிடி இருக்கிறது. மே மாதப் பயணம் என்றால் தீபாவளி முடிந்ததுமே போய்விடுங்கள், ஸ்கையில் நல்ல அறைகள் பொங்கல் வரைக்கும் காத்திருக்காது என்கிறார்.