அக்ரிஸ் முதல் பிளான்ட்வைஸ் வரை: வேளாண் தகவல் சேவைகள், ஒரு மதிப்பீடு

வளரும் நாடுகளின் ஆய்வாளர்களையும் வேளாண் அலுவலர்களையும் உழவர்களையும் மனத்தில் வைத்து நடத்தப்படும் இணையச் சேவைகளை, மக்காச்சோளப் படைப்புழு என்னும் ஒரே பொருளைக் கொண்டு உரசிப் பார்க்கும் முயற்சி இது. 2016இல் ஆப்பிரிக்காவிலும் 2018இல் ஆசியாவிலும் கண்டறியப்பட்ட இப்புழு, சற்று வளர்ந்ததும் குருத்துக்குள் புகுந்துகொள்வதால், அதன் பின் தெளிக்கும் மருந்து அதன்மேல் படுவதே அரிது. ஒரு வாரம் தாமதித்து வரும் சரியான தகவலால் இங்கே பயன் குறைவு.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1970களில் தொடங்கிய அக்ரிஸில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட நூற்பட்டியல் பதிவுகள் உள்ளன. தலைப்பும் சுருக்கமும் கிடைக்கும்; முழுக் கட்டுரை எல்லாவற்றுக்கும் கிடைக்காது. நூலக அட்டவணையிடம் வைத்தியம் கேட்பது நம் தவறு என்பதால் இதை நான் பெரிதுபடுத்தவில்லை. அதன் பின்னால் இயங்கும் அக்ரோவாக் என்னும் பன்மொழிச் சொற்களஞ்சியமே என்னைக் கவர்ந்தது. மரவள்ளியைக் கசாவா என்றும் மானியோக் என்றும் யூக்கா என்றும் வெவ்வேறு நாட்டவர் அழைக்க, அவையனைத்தையும் ஒரே கருத்தின்கீழ் அது கட்டிவைக்கிறது. வயலில் வழங்கும் பூச்சிப் பெயர்களையும் நோய்ப் பெயர்களையும் இன்னும் தாராளமாகச் சேர்த்தால், அறிவியல் பெயர் தெரியாதவருக்கும் தேடல் கைகொடுக்கும்.

2003இல் தொடங்கிய அகோரா, வருவாய் குறைந்த நாடுகளுக்கு ஆய்விதழ்களை இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ தருகிறது. ஆனால் பதிவு செய்த நிறுவனத்தின் வழியாகவே நுழைய முடியும் என்பதால், இது பல்கலைக்கழகத்துக்கு வரம், தனி உழவருக்குப் பூட்டிய கதவு.

வேளாண் அறிவைப் பரப்பும் பன்னாட்டு அமைப்பான சிஏபிஐ 2011இல் தொடங்கிய பிளான்ட்வைஸ் திட்டத்தின் அறிவு வங்கிதான் வயலுக்கு மிக அருகில் நிற்கிறது. உழவர்களுக்கான அதன் தகவல் தாள்கள், சிக்கலை எப்படி அடையாளம் காண்பது, அதன் பின்னணி என்ன, எப்படிச் சமாளிப்பது என்ற வரிசையில் ஓரிரு பக்கங்களுக்குள் முடிந்துவிடுகின்றன. படைப்புழுவின் தலையில் கவிழ்த்துப்போட்ட ‘ஒய்’ போன்ற குறியும், வால்பகுதிக்கு அருகே சதுரமாக நான்கு புள்ளிகளும் இருக்கும். புழுவை உள்ளங்கையில் வைத்தே சரிபார்க்கக்கூடிய இத்தகைய குறிப்புதான் உழவருக்குத் தேவை. தடுப்பு முறைகளைப் பச்சையாகவும், கட்டுப்பாட்டோடு பயன்படுத்த வேண்டிய மருந்துகளை மஞ்சளாகவும் பிரித்துக் காட்டும் வழிகாட்டிகளை அந்தந்த நாட்டு வல்லுநர்களே எழுதுவது இதன் தனிச் சிறப்பு.

வேறொரு தளத்தில், பெயர் வேண்டாம், உரப் பரிந்துரை ஒன்றைத் திறந்தேன். எந்த ஆண்டு எழுதியது, எந்த மண்ணுக்கு உரியது என்று எங்கும் இல்லை. தாளை அப்படியே படமெடுத்துப் போட்டிருந்ததால், மெதுவான இணைப்பில் அது இறங்குவதற்குள் பொறுமை தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு பரிந்துரையின் தலையிலும் ஆண்டும் இடமும் இருக்க வேண்டும். படமில்லாத, எழுத்து மட்டுமான வடிவம் ஒன்றும் கூடவே இருக்க வேண்டும்.

இணையமே இல்லாத நூலகங்களுக்காக 1999இல் கார்னெல் பல்கலைக்கழகம் ஆய்விதழ்களைக் குறுந்தகடுகளில் அனுப்பியது. படைப்புழுவைக் கண்காணிக்க 2018இல் வந்த ஃபேம்யூஸ் செயலியும், இணைப்பு இல்லாத வயலில் பதிந்ததைச் சேமித்து வைத்து, இணைப்புக் கிடைத்ததும் அனுப்பிவிடுகிறது. உழவரிடமிருந்து தகவலை வாங்குவதற்குச் செய்த இந்த ஏற்பாட்டை, அவருக்குத் தகவல் தரும் பக்கங்களிலும் செய்துவைக்கலாம்.