"அதிர்வலையில் இதய அடைப்பு கரையும்" என்றால் பணம் கட்டாதீர்கள்

என் சித்தப்பாவுக்கு பைபாஸ் முடிந்து பல வருடங்கள் ஆகின்றன. இப்போது மாடி ஏறினால் மறுபடியும் நெஞ்சை இறுக்குகிறது. இனி ஸ்டென்ட் வைக்கவும் தோதில்லை, மாத்திரையில்தான் சமாளிக்க வேண்டும் என்று அவரைப் பார்க்கும் இதய மருத்துவர் சொல்லிவிட்டார். இப்படிப்பட்டவர்களைத்தான் "ஆபரேஷன் இல்லாமலே அடைப்பு கரையும்" விளம்பரங்கள் தேடி வருகின்றன. ஒரு மையத்தில் அதிர்வலை (ஷாக்வேவ்) சிகிச்சைக்கு என்று ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டிவிட்டு வந்தார். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடியாம்.

அங்கே காட்டிய வீடியோவை எனக்கும் அனுப்பினார். ரத்தக் குழாய்க்குள் படிந்த கால்சியம் நொறுங்குகிறது, ரத்தம் பாய்கிறது. அது ஐ.வி.எல். என்ற வேறு முறை. ஆஞ்சியோ போல குழாய் வழியாக பலூனை உள்ளே கொண்டுபோய், இறுகிய கால்சியத்தில் விரிசல் விட வைத்து, அப்புறம் ஸ்டென்ட் வைப்பார்கள். ஆஞ்சியோ செய்யும் கேத் லேப் அறையில் இதய மருத்துவர் செய்வது. இவருக்கு நடந்ததோ நெஞ்சின் மேல் ஜெல் தடவி வெளியிலிருந்து தட்டுவது.

வெளியிலிருந்து தருவதும் முழுப் பொய் இல்லை, அதுதான் இவர்களுக்கு வசதி. ஜப்பானில் தொஹோகு பல்கலைக்கழக மருத்துவர்கள் இதை முறையாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது அடைப்பைக் கரைக்காது. ரத்தம் குறைவாகப் போகும் தசையில் புது நுண்குழாய்கள் முளைக்கத் தூண்டுவதுதான் நோக்கம். அதுவும் வேறு வழியில்லாதவர்களுக்கு, மாத்திரைகளோடு சேர்த்து. ஆய்வுகளும் பெரும்பாலும் சிறியவை. 2024இல் வெளியான, ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக் மருத்துவர்கள் செய்த ஆய்வையும் அந்த மையத்தில் பிரின்ட் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அதில் பைபாஸ் அறுவையின்போது மார்பு திறந்திருக்கையில் இதயத்தின் மேலேயே அதிர்வலை கொடுத்தார்கள். அந்த வரியை மட்டும் யாரும் சித்தப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை!

முறைப்படி செய்தால் எக்கோவில் பார்த்து இடத்தைக் குறிப்பார்கள். ஈ.சி.ஜி. மாட்டி, இதயத் துடிப்போடு ஒத்து அதிர்வைக் கொடுப்பார்கள். நேரம் தப்பினால் துடிப்பு தாறுமாறாகலாம். நுரையீரல் மேல் படாமலும் பார்க்க வேண்டும். வழக்கமாக முதல், ஐந்தாம், ஒன்பதாம் வாரங்களில் மும்மூன்று முறை. இங்கே தினமும் வரச் சொல்லி, பிசியோதெரபியில் குதிகால் வலிக்கு வைக்கும் கருவியை நெஞ்சில் ஓட்டினார்கள். ஈ.சி.ஜி. எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் பழைய மெஷினுக்கு சார்" என்றார் அங்கிருந்த பையன்.

இதைவிட மோசம், "ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்கப்பா" என்று அந்த மையத்தில் கவுன்சிலிங் தரும் அம்மா சொன்னது. சித்தி கேட்கவில்லை, வழக்கம்போல் மாத்திரையை எடுத்துக் கையில் கொடுத்தார். நல்லவேளை.

கடைசியில் விரலில் கிளிப் மாட்டி எடுத்த ஒரு கலர் ரிப்போர்ட் தந்தார்கள். முதலில் சிவப்பாக இருந்தது பச்சையாகிவிட்டதாம். அவருடைய மருத்துவர் எடுத்த எக்கோவில் எந்த மாற்றமும் இல்லை, மாடிப்படியில் வலியும் அப்படியே. பணத்தைத் திருப்பிக் கேட்டால் "பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாது". கொடுத்த சீட்டில் "ஆலோசனைக் கட்டணம்" என்று மட்டும் இருக்கிறது.

கட்டணம் வாங்கிச் செய்யும் சிகிச்சையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. எங்கள் மனு தயாராகிறது. இதுபோல பணம் கட்டியவர்கள் ஜி.பே. ரசீதையும் அந்த கலர் ரிப்போர்ட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.