கழுத்தில் நெறி: மாத்திரை முதலா, பரிசோதனை முதலா?

காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். அட்டை கடித்த இடத்தைச் சொறிந்து சீழ் வைத்தவர்களுக்கு இது தெரியும். புண் ஆறினால் நெறியும் வடியும். பிள்ளைகளுக்குப் பிடரியில் என்றால் தலையில் பேன் புண்ணைத் தேடுங்கள், தாடைக்குக் கீழே என்றால் பல்லை. சிக்கல், காரணம் தெரியாமல் கழுத்தில் வரும் நெறியில்தான்.

தம்பிக்கு அப்படி வந்தபோது இரண்டு வழி இருந்தது. ஒன்று, டவுன் பார்மசியில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடுவது. மற்றது, கொஞ்ச நாள் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியில் ஊசிப் பரிசோதனை செய்வது. இரண்டாவதைத்தான் செய்தோம், இன்றும் நான் அதன் பக்கம்தான்.

மாத்திரையில் ஒரு லாபம் உண்டு, வேலைக்குப் போகிறவருக்குப் பேர், அதாவது அன்றைய நாள் சம்பளம், போகாது. நெறி சிவந்து, சூடாகி, வலியும் காய்ச்சலும் இருந்தால் டாக்டரும் அதைத்தான் எழுதுவார். ஆனால் பெரும்பாலான நெறி வைரஸ் காய்ச்சல், தொண்டைவலியோடு வருவது. சில வாரங்களில் தானாக வடியும். நல்ல பெயர் மட்டும் மாத்திரைக்கு.

அது போகட்டும். என்னை முடிவெடுக்க வைத்தது வேறு: கண்ட மாத்திரை தடயத்தை அழித்துவிடும். சிப்ரொஃப்ளொக்சசின், லெவோஃப்ளொக்சசின் வகை மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடக்கும். நெறி கொஞ்சம் வற்றும், நாமும் நிம்மதியாகிவிடுவோம். பிறகு மறுபடி வீங்கும்போது எடுக்கிற மாதிரியில் கிருமி சிக்காமலும் போகலாம். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு இன்னும் மோசம். நெறியில் வரும் புற்றுநோயான லிம்போமாவைக்கூட அது தற்காலிகமாகச் சுருக்கி, பரிசோதனை முடிவைக் குழப்பிவிடும். வெட்டிய மரத்தின் நிழலைத் தேடுகிற கதைதான்.

ஊசிப் பரிசோதனைக்குத் தையல் இல்லை, மெல்லிய ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுப்பார்கள். குறையும் உண்டு. லிம்போமா சந்தேகம் என்றால் பெரும்பாலும் நெறியையே வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும், கண்டிக்கு இன்னொரு பயணமாகலாம். நாங்கள் அதுவரை போகவில்லை, அதனால் அந்தப் பக்கத்தை அதிகம் பேச மாட்டேன். ஊசியில் ஒன்றும் இல்லை என்று வந்தும் நெறி வளர்ந்தால், மறுபடி காட்டத்தான் வேண்டும்.

தம்பிக்கு வந்தது காசநோய். வழக்கமாக 6 மாத மருந்து. அரசாங்க மார்பு நோய் கிளினிக்கில் இலவசம். நுரையீரலில் இல்லாமல் நெறியில் மட்டும் இருந்தால் மற்றவருக்குத் தொற்றாது, அதைப் பார்க்கத்தான் நெஞ்சு எக்ஸ்ரே. மருந்து தொடங்கிய பிறகும் சிலருக்கு நெறி பெருக்கும். அதைக் கண்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

எத்தனை நாள் பார்க்கலாம்? 2 முதல் 4 வாரம், அதற்கு மேல் வேண்டாம். காரை எலும்புக்கு மேலே வந்தால், கல்லுபோல் அசையாமல் இருந்தால், இரவில் உடுப்பு நனைய வேர்த்தால், உடம்பு இளைத்தால் அந்தக் காத்திருப்பும் கூடாது. ஏற்கெனவே ஏதாவது மாத்திரை போட்டிருந்தால் அதன் உறையைக் கையோடு கொண்டுபோங்கள்.