எம்ஜிபிக்கு என்ன விலை தகும்? ஸில்லைப் பார்க்காமல் சொல்ல முடியாது

நண்பர் ஒருவர் வாங்கலாம் என்று 1971 எம்ஜிபி ரோட்ஸ்டர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார், மடக்கும் துணிக்கூரை போட்ட பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். சிவப்பு நிறம், குரோம் பம்பர், கம்பிச் சக்கரங்கள், விளம்பரத்தில் "முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது" என்று ஒரு வரி. படங்களை அனுப்பி, கேட்கிற விலை நியாயமா என்றார். நானும் அதே காலத்து எம்ஜிபி ஒன்றைப் பல வருடங்களாக ஓட்டுகிறேன். இப்போதுதான் கதவுக்குக் கீழே ஓடும் ஸில் பகுதியின் வேலை முடிந்து வண்டி வீடு திரும்பியிருக்கிறது. அவருக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். இது அபூர்வ வண்டி இல்லை. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் ஆலையில், இரும்புக் கூரை போட்ட ஜிடி வகையையும் சேர்த்து, 5 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். "இனிமேல் இப்படி ஒன்று கிடைக்காது" என்று விற்பவர் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கிடைக்கும், கிடைத்துக்கொண்டே இருக்கிறது. வெறும் 2,591 மட்டுமே தயாரான, எட்டு சிலிண்டர் இன்ஜின் கொண்ட ஜிடி வி8-ஐ விற்பவர் அப்படிப் பேசலாம். சாதாரண 1798 சிசி ரோட்ஸ்டரை விற்பவர் பேசக் கூடாது. எண்ணிக்கை அதிகம் என்பதால்தான் இன்றைக்கும் கார்புரேட்டர் ஊசியிலிருந்து கதவுக் கைப்பிடி வரை எல்லாம் புதிதாக வாங்க முடிகிறது. அந்த வசதிதான் இந்த வண்டியின் பெரிய பலம், விலை மிதமாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

சரி, ஸில் விஷயத்துக்கு வருகிறேன். கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி மாதிரியான பகுதி அது. எம்ஜிபிக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது, உடற்கூடேதான் சட்டகம். ரோட்ஸ்டருக்கு இரும்புக் கூரையும் இல்லை என்பதால் வண்டி நடுவில் தொய்யாமல் தாங்குவது பெரும்பாலும் இந்த இரண்டு ஸில்களும் நடுவில் ஓடும் கியர்பாக்ஸ் மேடும்தான். வெளியே தெரிகிற தகடு ஒன்று, அதற்குள்ளே செங்குத்தாக இன்னொன்று, உள்பக்கம் மூன்றாவது, அடியில் ஒரு பட்டை. இத்தனை அடுக்குகளுக்கு நடுவே ஈரமும் மண்ணும் போய் உட்கார்ந்தால் துரு உள்ளேயிருந்து வெளியே வரும். வெளித்தகட்டில் ஒரு கொப்புளம் கண்ணில் படும்போது உள்ளே காரியம் முடிந்திருக்கும்.

என் வண்டியை வாங்கும்போதே இடது பக்க ஸில் சரியில்லை என்று தெரியும். அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்து வாங்கினேன், குறைத்த தொகைக்கும் வந்த செலவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. என்னைக் கொதிக்க வைத்தது பணம் இல்லை. பட்டறையில் வெளித்தகட்டை வெட்டி எடுத்தபோது அதற்குப் பின்னால் இன்னொரு வெளித்தகடு இருந்தது! பழைய, ஓட்டை விழுந்த ஸில்லை எடுக்காமலேயே அதன் மேல் புதுத் தகட்டை வைத்து, ஓரங்களில் வெல்டிங் வைத்து, பட்டி பூசித் தேய்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். இரண்டு தகடுகளுக்கும் நடுவே விரலால் எடுத்தால் உதிர்கிற அளவுக்குத் துருத்தூள். உள்ளிருந்த செங்குத்துத் தகட்டின் கீழ்ப்பாதியைக் காணவே காணோம். யாரோ ஒரு தொழிலாளி நல்ல தகட்டை, நல்ல பெயின்டை, தன் நேரத்தையும் செலவழித்து இதைச் செய்திருக்கிறார். அதே நேரத்தில் பாதி வேலையைச் சரியாகச் செய்திருக்கலாம். முந்தைய உரிமையாளர்களில் யாரோ ஒருவர் இதற்கு முழுக்கூலி கொடுத்திருப்பார் என்பதை நினைத்தால் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

முறையாகச் செய்வதென்றால் முன் மட்காடைக் கழற்ற வேண்டும். அது போல்ட்டில் நிற்பது, ஆகவே கழற்றலாம். பின் மட்காட்டின் கீழ்ப்பகுதியை வெட்டியாக வேண்டும், ஏனென்றால் ஸில் அதற்குள்ளும் போகிறது. வெட்டும் முன் கதவுச் சட்டத்தின் குறுக்கே இரும்பு வைத்து முட்டுக் கொடுக்க வேண்டும். முட்டுக் கொடுக்காமல் வெட்டினால் வண்டி தொய்ந்த நிலையிலேயே வெல்டிங் இறுகிவிடும், அதற்குப் பிறகு கதவு எந்தக் காலத்திலும் சரியாகப் பொருந்தாது. இதனால்தான் செலவில் பெரும்பகுதி தகட்டுக்குப் போகாமல் கூலிக்குப் போகிறது.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம், ஒரு ஜாக்கி போதும். வண்டி நான்கு சக்கரத்தில் நிற்கும்போது கதவின் பின் ஓரத்துக்கும் உடலுக்கும் உள்ள இடைவெளியை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். பிறகு ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். இடைவெளி மேல் மூலையில் நெருங்கினாலோ, கதவு உரசினாலோ, பூட்டு பிடிக்க மறுத்தாலோ மேலே எவ்வளவு பளபளத்தாலும் அந்த வண்டி பழுதுபார்க்க வேண்டிய வண்டிதான். அந்த விலைதான் தர வேண்டும். அப்புறம் ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி ஸில் நெடுக ஓட்டுங்கள். பட்டி கனமாக இருக்கும் இடத்தில் ஒட்டாது. அடியில் படுத்துப் பார்க்கும்போது புத்தம் புதுக் கறுப்புப் பூச்சு இருந்தால் சந்தேகப்படுங்கள். பழைய, தூசி படிந்த, அங்கங்கே உரிந்த பூச்சு எவ்வளவோ மேல், உண்மை தெரியும்.

இன்ஜினைப் பற்றி நீட்டி எழுத எதுவுமில்லை. 1964 கடைசியிலிருந்து ஐந்து பேரிங்குகளில் சுழலும் கிராங்க், உறுதியான இன்ஜின். சூடேறிய பின் ஓட்டத்தில் எண்ணெய் அழுத்தம் 50 பிஎஸ்ஐக்குக் குறையாமல் நின்றால் நிம்மதியாக இருக்கலாம். குறைந்தாலும் இன்ஜின் வேலைக்கு எல்லை உண்டு, முன்கூட்டியே கணக்குப் போட்டு விலையில் கழித்துவிடலாம். ஸில்லில் அப்படிச் சொல்ல முடியாது. கம்பிச் சக்கரம் இருந்தால் பின் சக்கரத்தைத் தூக்கி, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டுச் சக்கரத்தை முன்னும் பின்னும் அசையுங்கள். 'டக்' என்று சத்தம் வந்தால் உள்ளே பற்கள் தேய்ந்திருக்கின்றன. சக்கரமும் அது உட்காரும் ஹப்பும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.

ஓவர்டிரைவைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் இவ்வளவு எரிச்சலுக்கும் நடுவில் இந்த வண்டியை நான் நேசிப்பதற்கு அதுவே முதல் காரணம். நான்காவது கியரில் போய்க்கொண்டிருக்கும்போது விரலால் ஒரு ஸ்விட்சைத் தட்டினால் போதும், கிளட்ச் தேவையில்லை. இன்ஜின் சுற்று ஐந்தில் ஒரு பங்கு கிட்ட இறங்கும், கர்ஜனை முனகலாக மாறும், ஆனால் வேகம் அப்படியே இருக்கும். நீண்ட சாலையில் துணிக்கூரையை மடக்கிவிட்டு அப்படிப் போகும்போது கிடைக்கிற சுகத்தை எந்தப் புது வண்டியிலும் நான் அனுபவித்ததில்லை. இது எல்லா எம்ஜிபியிலும் இருக்காது. பிற்பாடு பொருத்துவதென்றால் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒன்றாக வெளியே வர வேண்டும். ஆகவே வேலை செய்கிற ஓவர்டிரைவுக்குத் தாராளமாகக் கூடுதல் விலை கொடுக்கலாம். "இருக்கிறது, ஒயர்தான் விட்டுப்போயிருக்கிறது" என்றால் இல்லை என்றே வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இனி விலை. விளம்பரங்களில் போட்டிருப்பது ஆசை. ஏலத்தில் உண்மையாக விற்றுப்போன தொகையைப் பாருங்கள், வாங்குபவர் தர வேண்டிய ஏலக் கட்டணத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய கார்களுக்கான ஹேகர்ட்டி விலைக் கையேடு வண்டிகளை 1 முதல் 4 வரை நிலை பிரிக்கிறது: 1 என்றால் காட்சிக்கு வைக்கத் தகுந்தது, 4 என்றால் ஓடும், குறைகள் கண்ணுக்குத் தெரியும். நான் பார்த்த விற்பனையாளர்கள் பலரும் தங்கள் வண்டி 2 என்கிறார்கள். ஸில்லைத் தட்டிப் பார்த்தால் அது பெரும்பாலும் 3, சில நேரம் 4. இரண்டு நிலைக்கும் நடுவே உள்ள விலை வித்தியாசத்தை ஸில் வேலைக்கான கூலியோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பேரம் பேசுங்கள். புதுப்பிக்க எவ்வளவு செலவானது என்று ரசீதுகளைக் கட்டுக்கட்டாகக் காட்டுவார்கள். அவற்றைக் கூட்டி வருவது விலை ஆகாது, ஒரு எம்ஜிபியை ஒழுங்காகப் புதுப்பிக்க அதன் சந்தை மதிப்பைவிட அதிகமாகவே ஆகும். ஆனால் மட்காட்டைக் கழற்றிய நிலையில், முட்டுக் கொடுத்து, புது உள்தகடு தெரிய எடுத்த படங்கள் இருந்தால் அந்த ரசீதுக் கட்டைவிட அவற்றுக்கு மதிப்பு அதிகம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் 1988-இல் அசல் அச்சுகளைக் கொண்டே எம்ஜிபிக்குப் புது உடற்கூடு செய்யத் தொடங்கியது. அப்படிப்பட்ட கூட்டில் ஏற்றப்பட்ட வண்டியை "அசல் இல்லை" என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. துருப்பிடித்த அசலைவிடத் துருப்பிடிக்காத புதுக்கூடு நல்லது, அதற்குக் கூடுதல் விலை கொடுப்பதிலும் தப்பில்லை.

அடுத்து, எல்லாரும் ஒதுக்கும் ரப்பர் பம்பர். அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக 1974 பிற்பகுதியில் குரோமை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பரை மாட்டினார்கள், வண்டியின் உயரத்தையும் ஒன்றரை அங்குலம் கூட்டினார்கள். அமெரிக்காவுக்குப் போனவற்றில் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர் போய் ஒற்றைக் கார்புரேட்டர் வந்தது. வளைவில் சாய்வது கூடியது உண்மை, 1977 மாடலில் முன்னும் பின்னும் ஆன்டி-ரோல் பார் போட்டு அதை ஓரளவு சரிசெய்தார்கள். ஆனால் உடற்கூடு அடிப்படையில் அதேதான், ஸில்லும் அதேதான். சந்தை இதைக் கணிசமாகக் குறைவாக மதிக்கிறது. பம்பரின் தோற்றத்துக்கு இவ்வளவு வித்தியாசம் நியாயமே இல்லை. ஓட்டுவதற்கு வாங்குபவர் உறுதியான ஸில் உள்ள ரப்பர் பம்பரையே வாங்க வேண்டும். இதை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் வாதாடுவேன். ஆனால் என் பணத்தைப் போடுவதென்றால் மறுபடியும் குரோம் பம்பர்தான் வாங்குவேன். காலையில் வண்டி மேல் போட்ட உறையை எடுத்ததும் அந்த முகத்தைத்தான் பார்க்க வேண்டும் எனக்கு.

நண்பர் பார்த்த சிவப்பு வண்டிக்கு என் பதில் இது. பெயின்ட் அருமை, குரோம் அருமை, ஓவர்டிரைவ் வேலை செய்கிறது, இருக்கையின் தோலில் ஒரு கிழிசல் கிடையாது. கேட்ட விலையும் அந்த நிலை வண்டிக்குச் சற்றுத்தான் கூடுதல், பேசினால் இறங்கும். ஆனால் புதுப்பித்தபோது எடுத்த படம் ஒன்றுகூட இல்லையாம். கதவிடுக்கு மேலே குறுகி, கீழே அகன்று இருப்பது அவர் அனுப்பிய படத்திலேயே தெரிகிறது. அடியில் முழுக்கப் புதுக் கறுப்பு. ஓர் ஓரத்தில் லேசாகச் சுரண்டிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு உரிமையாளர், "பார்க்கத்தானே வந்தீர்கள், பெயின்டைக் கெடுக்கவா வந்தீர்கள்?" என்றாராம்.

எந்த வண்டிக்கும் அதன் நிலைக்கேற்ற விலை ஒன்று உண்டு, ஸில் போனதையும் குறைத்து வாங்கலாம் என்று இவ்வளவு நேரம் நானேதான் சொன்னேன். நண்பரும் அதையே திருப்பிக் கேட்டார்: "அப்படியென்றால் பாதி விலைக்குக் கேட்கட்டுமா?" வேண்டாம் என்றேன். சுரண்டிப் பார்க்க விடாதவரிடம் கால் விலைக்குக் கிடைத்தாலும் அந்த வண்டியை வாங்க வேண்டாம்.