பாமசியில் வாங்கும் அலுமினியப் பொல்லு: ஒரு துளை பிசகினாலும் தோள் நோகும்

கொழும்பில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பெரிய பாமசி ஒன்றில் நடக்கிற பொல்லுக் கேட்டால், பெரும்பாலும் எடுத்துத் தருவது இந்த வகைதான். அலுமினியக் குழாய், கழுத்தில் ஒரு வளைவு, மேலே மெத்தென்ற கறுப்புப் பிடி, பக்கத்தில் உயரம் மாற்ற வரிசையாகத் துளைகள், அடியில் றப்பர். பாரம் அரைக் கிலோவுக்கும் குறைவு. ஒரு பக்க முழங்காலோ இடுப்பு மூட்டோ நோகிறவருக்கு இதைவிடக் காசு கூடின பொல்லுத் தேவையில்லை என்றே சொல்வோம். கழுத்து வளைந்திருப்பதால் கை கொடுக்கிற பாரம் நேரே குழாயில் இறங்குகிறது. குடைப்பிடி போல வளைந்த மரப் பொல்லில் அது பிடியின் ஒரு பக்கமாக விழுவதால் உள்ளங்கை சீக்கிரம் களைத்துவிடும்.

ஆனால் வாங்கும்போது உயரம் பார்த்துத் தருவது அரிது. நிமிர்ந்து நின்று கையைத் தளர்வாகத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டின் உட்புறம் ஓடும் மடிப்புக்கோட்டுக்கு நேரே பிடியின் மேல்விளிம்பு வர வேண்டும். அப்படி வைத்து ஊன்றினால் முழங்கை 15 முதல் 20 பாகை வரை மடியும். உயரம் கூடினால் தோள் காதை நோக்கி ஏறி, பின்னேரத்துக்குள் கழுத்து இறுகும்; குறைந்தால் முதுகு கூனி, பாரம் முழுக்க மணிக்கட்டில் விழும். இன்னொருவர்தான் அளக்க வேண்டும். தானே குனிந்து பார்த்தால் தோள் இறங்கி அளவு பிழைத்துப்போகும்.

சப்பாத்துப் போட்டுக்கொண்டு அளக்கச் சொல்வதுதான் வழக்கம். நம் வீடுகளில் வெறுங்கால், கோயிலிலும் வெறுங்கால், சந்தைக்குப் பாட்டாச் செருப்பு. துளைக்குத் துளை இடைவெளி ஏறக்குறைய 2.5 சென்ரிமீற்றர், தடித்த அடியுள்ள சப்பாத்தைக் கழற்றினாலே அதில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே நாளில் அதிக நேரம் எப்படி நடக்கிறாரோ அப்படியே நிற்க வைத்து அளவுங்கள். அளவு இரண்டு துளைகளுக்கு நடுவே வந்தால் இரண்டிலும் கொஞ்சத் தூரம் நடக்கவிட்டு, தோள் உயராத துளையை வைத்துக்கொள்ளலாம்.

உயரம் மாற்ற முதலில் குழாயைச் சுற்றியுள்ள வளையத்தைத் தளர்த்தி, பிறகு குமிழை அமத்தி நகர்த்த வேண்டும். ‘டிக்’ என்ற சத்தத்தோடு குமிழ் துளைக்கு வெளியே முழுதாகத் தலைநீட்ட வேண்டும். பாதி மட்டும் வெளியே நின்றால், பாரம் ஏறும் நேரத்தில் பொல்லுச் சடாரென்று உள்வாங்கும். வளையத்தை மறுபடி இறுக்க மறந்தால் அடிக்கு அடி கடகடவென்று ஆடும். கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக்காற்றால் குமிழுக்குள் இருக்கும் சுருள்கம்பி துருப்பிடித்து இறுகும். மாதம் ஒருமுறை கழற்றி, ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பூட்டுங்கள்.

எந்தக் கையில் பிடிப்பது என்பதில்தான் பெரும்பாலானோர் பிழை விடுகிறார்கள். வலது கால் நோகிறதென்றால் பொல்லு இடது கையில். வலது காலில் நிற்கும்போது இடுப்பு இடப்பக்கம் சரியப் பார்க்கும். அதைத் தாங்க வலப்பக்கத் தசை இழுக்கும். அந்த இழுவைதான் மூட்டை அழுத்துகிறது. இடது கை ஊன்றிக் கொடுத்தால் தசைக்கு வேலை குறைகிறது, மூட்டும் ஆறுகிறது. பொல்லும் நோகிற காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். பாதத்திலிருந்து நாலு அங்குலம் பக்கவாட்டில் ஊன்றினால் போதும். எட்டி ஊன்றினால் றப்பர் சரிந்து ஓரத்தில் மட்டும் தேயும். தேய்ந்த றப்பரைப் பார்த்தே ஆள் எப்படி நடக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

அந்த றப்பரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், கொழும்பில் விழுவதும் விழாததும் அதில்தான் இருக்கிறது. பொல்லோடு வருவது சிலவேளை பிளாஸ்ரிக் போலக் கடினமாக இருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள். பதியாவிட்டால் நனைந்த டைல்ஸில் பிடிக்காது. அடியில் வட்ட வட்டமாக வரிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். உள்ளே ஒரு இரும்புத் தட்டு இருந்தால் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் குழாயின் விளிம்பு நாளடைவில் றப்பரை வெட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். வரிகள் மழுங்கிய அன்றைக்கே மாற்றுங்கள். புதியது வாங்கப் போகும்போது பொல்லையே கொண்டுபோங்கள், குழாயின் தடிப்பு பொல்லுக்குப் பொல்லு வேறுபடும். ஹாட்வெயாரில் கிடைக்கும் கதிரைக்கால் றப்பர் அளவு சரியாக இருந்தாலும் அடி மொட்டையாக இருக்கும், அதைப் போடவே வேண்டாம்.

காலி வீதி நடைபாதையில் வடிகானை மூடிய கொங்கிறீட் பலகைகளின் இடுக்கும், தூக்குவதற்கு விட்ட ஓட்டையும் றப்பரை விழுங்கும் அளவுக்கு இருக்கும். பலகையின் நடுவில் ஊன்றப் பழக வேண்டும். கோயிலில் கழுவி விட்ட தரையும் சிந்திய எண்ணெயும் சேர்ந்தால் நல்ல றப்பரும் வழுக்கும். உள்ளே நுழையுமுன்னும் வெளியே வந்த பின்னும் றப்பரைத் துணியால் துடைத்துவிடுங்கள். விபூதி வாங்கக் கை வேண்டுமென்றால் தூணில் சாய்ந்து நின்று, பொல்லை முழங்கையில் மாட்டிக்கொள்ளலாம்.

படியேறும்போது நல்ல கால் முதலில், பிறகு நோகிற காலும் பொல்லும். இறங்கும்போது பொல்லும் நோகிற காலும் முதலில். பஸ்ஸின் உயர்ந்த முதற்படிக்கும் இதே முறைதான். ஒரு கை கம்பியில் இருக்க வேண்டும், பஸ் முழுதாக நின்றிருக்கவும் வேண்டும்.

உடற்பாரத்தில் கால்வாசிக்கு மேல் கையில் கொடுக்க வேண்டிவந்தால் இந்தப் பொல்லுக் காணாது. பக்கவாதத்துக்குப் பிறகு நடை பழகுகிறவருக்கு நாலுகால் பொல்லு வேண்டிவரலாம். அதில் அகன்று நிற்கும் கால்கள் உடலுக்கு வெளிப்பக்கம் இருக்க வேண்டும், நாலும் ஒன்றாகத் தரையில் படவும் வேண்டும். இரண்டு பக்கமும் தள்ளாடுகிறவருக்கு எது பொருந்தும் என்பதைப் பிசியோதெரபியில் காட்டிக் கேட்டபிறகே வாங்குங்கள்.