ஹெல்மெட் வைசருக்கு நானோ ஸ்ப்ரே, சாரல்ல தாங்குமா?

செங்கோட்டைல இருந்து புளியரை ஏறி ஆரியங்காவு, தென்மலைனு பைக்ல போறவங்களுக்குத் தெரியும், ஆனி ஆடில சாரல் அடிச்சா வைசர்ல, அதான் ஹெல்மெட் முன்கண்ணாடில, ஒண்ணும் தெரியாது. ஸ்பேர் பார்ட்ஸ் கடைல தண்ணி ஒட்டாம இருக்க அடிக்கிற இந்த நானோ ஸ்ப்ரே இருந்துச்சு, அடிச்சு துடைச்சு காய விட்டா போதும். வேகமா போனா தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடிருது, சூப்பர்தான், ஆனா எஸ் வளைவுல லாரி பின்னாடி மெதுவா உருட்டும்போது துளி அப்படியே நிக்குது, எதிர்ல ஹெட்லைட் பட்டா இன்னும் மோசம்.

பாட்டில்ல தாமரை இலை படம் வேற. நிஜ இலைல கண்ணுக்குத் தெரியாத முண்டு முண்டா இருக்கும், அதுமேல நானோ சைஸ்ல மெழுகு, நடுவுல காத்து மாட்டிக்கிறதால தண்ணி ஒட்ட இடமே இல்ல, ஜெர்மனி பான் யூனிவர்சிட்டி தாவரவியல் விஞ்ஞானி பார்த்லாட் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல பாத்து 1997ல இத விளக்கி எழுதுனாரு. அந்த சொரசொரப்பு கொஞ்சம் கூடுனாலும் கண்ணாடி மங்கலாயிரும்ல, அதனால வைசர்ல போடுறது பெரும்பாலும் வழுவழு கோட்டிங்தான், தாமரை எல்லாம் சும்மா பந்தா.

உள்பக்கம் மூச்சுல படியுற ஆவிக்கு இது ஆகாது, ஆன்ட்டி ஃபாக் தனியா வாங்கணும். மழை சீசன்ல அப்பப்ப திரும்ப அடிக்கணும். மிச்சத்த கேன்வாஸ் ஷூல அடிச்சேன், வைசர விட அதுல செமயா வேலை செய்யுது.