ஆவியில் தேர்ச்சி, தேநீரில் தளர்ச்சி: ஃபோர்ட்டில் ஒரு கான்டனீஸ் டிம் சம் உணவகம்

ஆவியில் வேகவைத்தும் பொரித்தும் சிறு கூடைகளிலும் தட்டுகளிலும் தரும் சீனத் தின்பண்டங்களான டிம் சம், மும்பையின் மேல்தட்டு உணவகங்களில் கிடைக்காத இடம் இன்று அரிது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அதை இரவில், மதுக்கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துக் கொறிக்கும் முன்பண்டமாகவே நடத்துகின்றன. ஃபோர்ட் பகுதியில், பழைய கல் கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் இயங்கும் இந்த உணவகம் அந்த வழக்கத்திலிருந்து விலகி, ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பதினொரு மணி முதல் மதியம் மூன்றரை வரை மரபான கான்டனீஸ் முறையில் டிம் சம் மட்டுமே பரிமாறுவதாக அறிவித்திருக்கிறது. குறைகளையும் எழுதப்போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். ஃபோர்ட்டில் சாப்பிட்டுப் பழகியவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆவியில் வேகவைக்கும் வேலையில் இங்குள்ள சமையலறை கைதேர்ந்தது. தேநீரிலும், தட்டுகளை எந்த வரிசையில் எந்த இடைவெளியில் அனுப்புவது என்பதிலும் கோட்டைவிடுகிறது.

தேநீரில் உள்ள குறையைச் சிறிய விஷயம் என்று ஒதுக்க முடியாது. கான்டனீஸ் மக்களின் ஊரான தென்சீனக் குவாங்டொங் மாகாணத்திலும் ஹாங்காங்கிலும் இந்தச் சாப்பாட்டை யும் சா, அதாவது ‘தேநீர் குடித்தல்’ என்றே அழைக்கிறார்கள். அங்கே தேநீர்தான் தலைமை, தின்பண்டங்கள் அதற்குத் துணை. ஒரு குவளைத் தேநீரும் இரண்டு பண்டங்களும் என்பதே பழைய தேநீர்க்கூடங்களின் அளவு. காலையில் செய்தித்தாளோடு வந்து உட்காரும் முதியவர், அந்த இரண்டு பண்டங்களை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தைக் கழிப்பார். பன்றிக் கொழுப்பும் இறாலும் சேர்ந்த பண்டங்களைத் திகட்டாமல் அடுத்தடுத்துச் சாப்பிட முடிவது, நடுநடுவே குடிக்கும் சூடான கரிய தேநீரால்தான். தேநீரை எடுத்துவிட்டால் எஞ்சுவது விலை உயர்ந்த ஒரு தட்டுப் பண்டங்கள் மட்டுமே.

மும்பைக்கும் கான்டனீஸ் மக்களுக்கும் உள்ள தொடர்பு புதிதன்று. டாக்யார்டு ரோடு ரயில் நிலையத்துக்கு அருகே, மஸ்காவில் உள்ள சீனக் கோயில், குவாங்டொங்கின் சீ யுப் வட்டாரத்திலிருந்து வந்தவர்கள் 1919இல் கட்டியது. அந்தச் சமூகம் இப்போது மிகவும் சுருங்கிவிட்டது. நகரம் சீன உணவு என்று அறிந்துகொண்டதோ, 1975இல் இதே மும்பையில் சமையற்கலைஞர் நெல்சன் வாங் உருவாக்கிய சிக்கன் மஞ்சூரியனும் அதன் வழிவந்த சிவந்த குழம்புகளும்தான். ஆகவே, காரமும் சோளமாவுக் குழம்பும் இல்லாத கான்டனீஸ் சமையலை இங்கே பரிமாறுவதற்குத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் இந்த உணவகத்திடம் முக்கால் பங்கு இருக்கிறது. மீதிக் கால் பங்கு, நாங்கள் கேட்காமலே மேசைக்கு வந்து நின்ற செஷ்வான் சட்னிக் கிண்ணத்தில் கரைந்துபோனது.

ஹார் காவ் எனப்படும் இறால் டம்ப்ளிங்கை வைத்தே ஒரு டிம் சம் சமையலறையை எடைபோட்டுவிடலாம். கோதுமை மாவிலிருந்து பசையான புரதத்தைக் கழுவி நீக்கிய பின் எஞ்சும் ஸ்டார்ச்சோடு மரவள்ளி ஸ்டார்ச்சைக் கலந்து, கொதிக்கும் நீரை ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே பிசைந்து இதன் மேல்மாவைத் தயாரிக்கிறார்கள். கொழுக்கட்டைக்கு மாவு கிளறியவர்களுக்கு இதன் காரணம் சொல்லாமலே விளங்கும்: இழுத்துப் பிடிக்கும் புரதம் இல்லாத மாவுக்கு, வெந்நீரில் பாதி வெந்து குழைந்த ஸ்டார்ச்சே பிடிப்பு. தண்ணீர் சற்று ஆறியிருந்தாலும் மாவு விண்டு போகும். பிசைந்த மாவு காற்றில் காய்ந்தால் மடிப்பு நிற்காது. சிறு உருண்டையை எண்ணெய் தடவிய அகலக் கத்தியின் தட்டைப் பக்கத்தால் ஒரே அழுத்தில் வட்டமாக்கி, இறாலை வைத்து ஒரு பக்கம் மட்டும் மடிப்புகள் எடுத்து மூடவேண்டும். குறைந்தது ஏழு மடிப்பு, பத்தைத் தாண்டினால் சிறப்பு என்பது இந்தத் தொழிலில் வழங்கும் கணக்கு.

இங்கே வந்த கூடையில் இருந்த நான்கில் மூன்றுக்குப் பதினொரு மடிப்பு, ஒன்றுக்கு ஒன்பது. ஆக, இவை அச்சில் வார்த்தவையோ உறைய வைத்து வாங்கியவையோ அல்ல, கையால் மடித்தவை. மூடியைத் திறந்ததும் மேல்தோல் வெண்மையாகத் தெரிந்தது. ஆவி அடங்கிய அரை நிமிடத்தில் தெளிந்து, உள்ளே இறாலின் இளஞ்சிவப்பு துலங்கியது. குச்சியால் தூக்கியபோது அடித்தாளில் ஒட்டவில்லை, கிழியவும் இல்லை. உள்ளே இறாலை அரைத்துக் கூழாக்காமல் பெரிய துண்டுகளாகவே விட்டிருந்ததால், கடித்தபோது அது நறுக்கென்று உடைந்தது. நடுவே மூங்கில் குருத்தின் மெல்லிய துணுக்குகள். உப்பு அளவு, நல்லெண்ணெய் வாசனை அளவு. இதற்கு எந்தச் சட்னியும் வேண்டாம். மூங்கில் கூடையைத் தேர்ந்தெடுத்ததையும் பாராட்டவேண்டும், ஏனெனில் உலோக மூடியில் ஆவி நீராகி மேல்தோல் மீது சொட்டும், மூங்கில் பின்னலோ அதை உறிஞ்சிக்கொள்ளும். நகரத்தில் மூங்கில் கூடையை வெறும் அலங்காரத் தட்டாக மேசைக்குக் கொண்டுவரும் இடங்கள் உண்டு. இங்கே அதிலேயே வேகவைக்கிறார்கள். கூடையின் அடிப்பாகம் நனைந்து கறுத்திருந்ததே சாட்சி.

ஷு மாய் இந்த உயரத்துக்கு வரவில்லை. மேற்புறம் திறந்திருக்கும் இந்தச் சிறு மஞ்சள் கிண்ணங்களில் மரபாக இருப்பது கொத்திய பன்றி இறைச்சியும் இறாலும். பன்றிக் கொழுப்பு உருகித்தான் அது மென்மையாகிறது. இங்கே, மும்பையில் பலரும் செய்வதுபோல், கோழியை மாற்றாக வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் பலர் பன்றி இறைச்சி உண்ணாதவர்கள் என்பதால் காரணம் நியாயமானதே. ஆனால் கோழியின் மார்புப் பகுதியை மட்டும் கொத்தி நிரப்பியதால் சதை இறுகி, கடைசிக் கவளம் வறண்டது. தொடைக்கறியைச் சேர்த்திருந்தால் பாதிக் குறை நீங்கியிருக்கும்.

அன்றைய சாப்பாட்டின் உச்சம் எங்களில் ஒருவரும் எதிர்பாராத சுங் ஃபன்தான். நீர்க்க அரைத்த அரிசிமாவைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி ஆவியில் வேகவைத்து, வெந்ததும் உள்ளே இறாலையோ இறைச்சியையோ வைத்துச் சுருட்டி, இனிப்பு கலந்த சோயா சாஸை மேலே ஊற்றித் தருவது. சொல்வதற்கு எளிது, ஆனால் ஏடு தடித்தால் களியாகிவிடும், மெலிந்தால் சுருட்டும்போதே கிழிந்துவிடும், வெந்து சில நிமிடம் கடந்தால் இறுகி ரப்பராகிவிடும். இங்கே வந்த ஏடு பட்டுப்போல் வழுக்கியது. சுருளின் ஓரத்தில் இறாலின் வளைவு ஒரு நிழலாகத் தெரிந்தது. சோயா சாஸைப் பரிமாறுபவர் மேசைக்கு வந்த பிறகே ஊற்றினார். முன்கூட்டியே ஊற்றியிருந்தால் ஏடு அதில் ஊறிக் கொழகொழத்திருக்கும். இந்த ஒன்றை மறுபடியும் வரவழைத்துச் சாப்பிட்டோம், அதன் சூடு முதல் முறையைவிடக் கூடுதலாகவே இருந்தது.

லோ பாக் கோ எனும் முள்ளங்கிக் கட்டியும் நன்றாகவே இருந்தது. துருவிய வெள்ளை முள்ளங்கியை அதன் நீரோடு அரிசிமாவில் கிளறி, ஆவியில் வேகவைத்து, ஆறியபின் சதுரமாக வெட்டி வாணலியில் இருபுறமும் பொரிப்பார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே முள்ளங்கியின் மெல்லிய கசப்பு கலந்த இனிப்பு. உலர்ந்த இறாலின் வாசனை தூக்கலாக இருக்கும் என்பதால், இதைச் சைவம் என்று நினைத்து எடுத்துவிட வேண்டாம்.

சைவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனெனில் எங்களோடு வந்த செம்பூர்ச் சித்தி முட்டைகூடத் தொடாதவர். “இதுல மீன் சமாச்சாரம் எதுவும் இல்லையே, உள்ள கேட்டுச் சொல்லச் சொல்லுப்பா” என்று ஒவ்வொரு தட்டுக்கும் அவர் சொல்ல, பரிமாறியவர் சலிக்காமல் சமையலறைக்குப் போய்வந்தார். கான்டனீஸ் சமையலில் இந்தக் கேள்வி அவசியமானதும்கூட. கீரை வதக்கலில் சிப்பிச் சாஸ் இருக்கும், மாவுப் பண்டங்களில் பன்றிக் கொழுப்பு இருக்கும். இங்கே சிப்பிச் சாஸுக்குப் பதிலாகக் காளான் சாஸையும், கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெயையும் சைவப் பண்டங்களுக்குத் தனியே பயன்படுத்துவதாகச் சொன்னார்கள்; முள்ளங்கிக் கட்டியையும் உலர்ந்த இறால் சேர்க்காமல் தனிச் சட்டியில் பொரித்துக் கொண்டுவந்தார்கள். சித்திக்கு மிகவும் பிடித்தது சேப்பங்கிழங்கு வூ கோக். மசித்த கிழங்கில் செய்த மேல்தோல், சூடான எண்ணெயில் விழுந்ததும் வலைப்பின்னலாகப் பொங்கி நிற்கும். எண்ணெயின் சூடு தவறினால் அந்தப் பின்னல் கரைந்து எண்ணெய்க்குள் போய்விடும் என்பதால் இதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு. உள்ளே காளானும் நீர்க்கஷ்கொட்டையும். சித்தி தன் பங்கோடு என் பங்கையும் எடுத்துக்கொண்டார்.

பன்றி இறைச்சி வைத்து ஆவியில் வேகவைக்கும் ரொட்டியான சார் சியூ பாவ் சுமார். மேற்புறம் மலர்ந்து வெடித்திருக்க வேண்டிய ரொட்டி இறுக்கமாக மூடியே இருந்தது. உள்ளே இருந்த பன்றி இறைச்சி தரமானதாக இருந்தும், சாஸில் தேன் மிகுந்து இனிப்பு தூக்கலாகிவிட்டது. கருமொச்சைச் சாஸில் வேகும் கோழிக்கால் பட்டியலிலேயே இல்லை. மரபு என்று பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்ளும் இடத்தில் இது இல்லாதது உறுத்துகிறது. நம் ஊர்க் கோழிக்கடைகளில் காலுக்குப் பஞ்சமும் இல்லை. முட்டை டார்ட்டின் நடுப்பகுதியில் சிறு துளைகள் விழுந்திருந்தன, அடுப்பில் கூடுதல் நேரம் இருந்ததன் அடையாளம் அது.

இனித் தேநீர். பட்டியலில் மல்லிகைத் தேநீர், செவ்வந்தித் தேநீர், பூ ஏர் என்று மூன்றும் இருந்தன. யுன்னானில் நொதிக்கவைத்துப் பக்குவப்படுத்தும் பூ ஏர்தான் கொழுப்பான பண்டங்களுக்கு ஏற்றது, ஹாங்காங் மேசைகளிலும் அதற்கே மவுசு. அதைக் கேட்டோம். முதல் கூடை வந்து, தீர்ந்து, இரண்டாவது கூடையும் வந்த பிறகே கெட்டில் வந்தது. இலைகளைப் பைக்குள் அடைத்திருந்தார்கள். நீர் கொதிநிலையிலிருந்து வெகுவாக இறங்கியிருந்ததால் சாறு இறங்கவே இல்லை. கெட்டில் மூடியைச் சற்றே விலக்கி வைத்தால் வெந்நீர் நிரப்பவேண்டும் என்பது தேநீர்க்கூடங்களின் பொதுக் குறிப்பு. நாங்கள் விலக்கி வைத்த மூடியை, அவ்வழியே போன பரிமாறுபவர் அக்கறையோடு திரும்ப மூடிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்காத நிர்வாகத்தைச் சொல்வேன். இரண்டாம் முறை வெந்நீர் கேட்டதற்குத் தனியாக 150 ரூபாய் பில்லில் ஏறியிருந்தது. இலையை மாற்றாமல் ஊற்றிய வெந்நீருக்கு விலை வைப்பது உறுத்துகிறது.

தட்டுகள் வரும் வேகமும் இதே கதை. மற்ற கூடைகளை மொத்தமாகச் சொன்னபோது ஆறு கூடைகள் ஐந்து நிமிட இடைவெளிக்குள் மேசையில் குவிந்தன. ஹார் காவை ரசித்துக்கொண்டிருக்கும்போதே ஷு மாய் ஆறிப்போனது. ஷு மாயின் வறட்சிக்கு இதிலும் பங்கு இருக்கலாம். சுங் ஃபன்னை மறுபடி தனியாகக் கேட்டபோது அது சுடச்சுட வந்ததிலிருந்து தெரிவது, தவறு அடுப்பில் இல்லை, ஒழுங்கில்தான் இருக்கிறது. எனவே போகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடாமல், முதலில் தேநீரை மட்டும் வரவழைத்து, அது வந்த பின் இரண்டிரண்டு கூடைகளாகச் சொல்வது நல்லது. மரபும் அதுவே. கியூஆர் குறியீட்டை வருடி ஒட்டுமொத்தமாக ஆர்டர் செய்ய அவர்கள் வற்புறுத்தினாலும், ஆளை அழைத்துச் சொல்லுங்கள்.

விலை குறைவல்ல. ஹார் காவ் நான்கு 620 ரூபாய், சுங் ஃபன் 590, சைவக் கூடைகள் 450 முதல் 520 வரை, தேநீர் ஒரு கெட்டில் 380. நான்கு பேருக்கு வரியோடு ஏறக்குறைய 6,800 ரூபாய் ஆனது. பத்து சதவீதச் சேவைக் கட்டணத்தையும் முதலில் சேர்த்திருந்தார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022 ஜூலை வழிகாட்டுதல்களின்படி அதைக் கட்டாயமாக வசூலிக்க முடியாது, 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நீக்கச் சொன்னதும் மறுபேச்சின்றி நீக்கினார்கள். சலிக்காமல் நடந்த அந்தப் பரிமாறுபவரின் கையில் சித்தியே தனியாகப் பணம் கொடுத்தார்.

ஞாயிறு பன்னிரண்டரைக்குப் பிறகு முன்பதிவு இல்லாமல் இடம் கிடைப்பது கடினம். திறந்தவுடன் போனால் ஆவியின் சூடும் சமையற்காரரின் கவனமும் உங்களுக்கே. சர்ச்கேட், சிஎஸ்எம்டி ரயில் நிலையங்களிலிருந்து நடந்தே போய்விடலாம். லிஃப்ட் கிடையாது, மரப்படிகள் செங்குத்தானவை. முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போவதானால் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லி, தரைத்தளத்தில் இருக்கும் இரண்டு மேசைகளில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.